ரயிலில் ஏறத் தடை... கட்டை வண்டியில் வந்த சிவா! - அந்த மாவட்டத்தில் இன்று ஒரு டாக்ஸி ஏற என்ன வேண்டும்?

தர்மபுரிக்குப் போகிறேன் என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேர் கேட்கும் கேள்வி, "ஒகேனக்கல்லா?" என்பதுதான். மீன் வறுவல், எண்ணெய் மசாஜ், பரிசல் என்று அடுத்தடுத்து பட்டியலும் வந்துவிடும். என் பட்டியலில் ஒகேனக்கல் இருந்தது. ஆனால் கடைசியில்தான் இருந்தது.

நான் தேடிப் போனது வேறு ஒன்று. சக்கர நாற்காலியில் இருப்பவர், ஊன்றுகோல் பிடித்து நடப்பவர், கண் பார்வை இல்லாதவர்... இவர்கள் இந்த மாவட்டத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எந்த வண்டியில் போகிறார்கள்? அந்த வண்டியை அவர்களுக்கு ஏற்றதாக மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? ஆர்.டி.ஓ. கையிலா, நகராட்சி கையிலா, கிராம ஊராட்சி கையிலா?

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் போன பிறகும், சுமார் 4,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2011 கணக்கெடுப்பின்படி 15 லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள். தர்மபுரி, அரூர் என நகராட்சிகள், சில பேரூராட்சிகள், 251 கிராம ஊராட்சிகள். மலையும் காடும் வறண்ட மேட்டு நிலமும் கலந்த ஊர்கள். ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீஸுக்கோ போக வேண்டுமென்றால், பலருக்கு அது அரை நாள் வேலை. நடக்க முடியாதவருக்கு?

அதற்கான முதல் பதில் பாப்பாரப்பட்டியில் கிடைத்தது. அதுவும் நூறு வருஷப் பழைய பதில்!

கட்டை வண்டியில் ஊர் ஊராக...

தர்மபுரி நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் மணிமண்டபம் இங்கேதான் இருக்கிறது. பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. அதற்காக இந்த ஊரில் இடம் வாங்கி, பாரத ஆசிரமம் தொடங்கினார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். அந்தக் கனவின் தொடர்ச்சியாக அரசு கட்டிய பாரத மாதா நினைவாலயம் 2021-ல் திறக்கப்பட்டது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் வ.உ.சி., பாரதி, சிவா என்று மூன்று பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். ஆனால் சிவாவின் பயணக் கதை அந்த அளவுக்குத் தெரிவதில்லை.

1908-ல் வ.உ.சி.யோடு கைதானவர் சிவா. சிறையில் இருந்தபோது தொழுநோய் தொற்றியது. 1912-ல் வெளியே வந்தவர், அந்த உடம்போடே ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பேசினார். பேச்சை நிறுத்த முடியாத ஆங்கிலேய அரசு, பயணத்தை நிறுத்தப் பார்த்தது. தொழுநோயாளி என்று காரணம் காட்டி, அவர் ரயிலில் ஏறக் கூடாது என்று தடை போட்டார்கள். சிவா அடங்கவில்லை. நடந்தார். கட்டை வண்டியில் போனார். 1925 ஜூலையில், உடம்பு முற்றிலும் தளர்ந்த நிலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு ஜூலை 22 அன்று பாப்பாரப்பட்டி வந்து சேர்ந்தார். மறுநாள் இறந்துபோனார். வயது 40.

ஒருவரை வண்டியில் ஏற விடாமல் செய்தால், அவர் ஊர்ப் பொது வாழ்க்கையிலிருந்தே விலகிவிடுவார் என்பது அந்த அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இன்று அப்படி ஓர் உத்தரவு போட முடியாது. 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சட்டத்தின் 41-வது பிரிவு, எல்லா வகைப் போக்குவரத்தும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. பழைய வாகனங்களை, தொழில்நுட்ப ரீதியாக முடியும் இடங்களில், மாற்றியமைப்பது பற்றியும் அதே பிரிவு பேசுகிறது.

ஆக, தடை உத்தரவு போய்விட்டது. ஆனால் படி அப்படியே இருக்கிறது!

தண்ணீர் வளைத்த எலும்புகள்

தர்மபுரியில் இந்த விஷயத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. இங்கே மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கலக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் பழுப்புக் கறை. அப்புறம் மூட்டு வலி. அதுவும் முற்றினால் முதுகும் முழங்காலும் இறுகி, வளைந்து, நடையே போய்விடும்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு' இருக்கிறது. 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் நிதியுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் செலவில் முடித்து, 2013 மே மாதம் திறந்தார்கள். காவிரித் தண்ணீர் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்தது. புதிதாக எலும்பு வளைவதைத் தடுக்க அது உதவும். ஏற்கெனவே வளைந்த எலும்பை நிமிர்த்தாது. அந்தத் தலைமுறைக்கு இப்போது வயதாகிறது. அவர்களுக்குத் தேவை, குனிந்து நிமிராமல் ஏறக்கூடிய ஒரு வண்டி.

இங்கிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டால், இருபத்தைந்து வயதில்கூட ஒருவர் சக்கர நாற்காலியோடு சொந்த ஊர் திரும்ப வேண்டி வரலாம். சர்க்கரை நோயால் கால் இழப்பவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? 'மாற்றுத்திறனாளி' என்றதும் யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொள்கிறோம். பல வீடுகளில் அது நம் அப்பா, நம் அத்தை.

ஸ்டாண்டில் கேட்ட கணக்கு

தர்மபுரி மாதிரி ஊரில் டாக்ஸி என்றால் செல்போன் செயலி மட்டும் இல்லை. ஸ்டாண்டில் நிற்கும் மஞ்சள் நம்பர் பிளேட் கார், ஆட்டோ, ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்ந்ததுதான். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நிற்கும் ஓட்டுநர் அண்ணன்களிடம் பேச்சுக் கொடுத்தால், மனசு இல்லாதவர்கள் என்று யாரையும் சொல்லத் தோன்றாது. "ஆளைத் தூக்கி உட்கார வெச்சிரலாம் தம்பி, நாற்காலியை எங்க வெக்கறது?" - இதுதான் நடைமுறைச் சிக்கல்.

கேஸில் ஓடும் கார் என்றால் டிக்கியில் பாதி இடத்தை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். மடக்கும் சக்கர நாற்காலியைக் கூட மேலே கேரியரில் கட்ட வேண்டும். ஆட்டோ என்றால் பின் சீட்டில் ஆள், பக்கத்தில் நாற்காலி, உடன் வருபவருக்கு இடம் இல்லை. ஷேர் ஆட்டோ என்றால், நாற்காலியும் ஒரு ஆளின் இடத்தை எடுக்கும். அந்தக் காசை யார் தருவது? ஸ்டாண்டில் வரிசை முறையும் உண்டு. தன் முறை வரும் ஓட்டுநர், ஒருவரை ஏற்றி இறக்க இருபது நிமிஷம் செலவழித்தால், அந்த நேரத்துக்கு அவருக்குக் கூலி எதுவும் கிடையாது.

பயணியின் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். போய்வர 92. கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1,380 ரூபாய் ஆகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். ஒரு நாள் வெளியே போய் வந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு காலி!

பஸ்ஸில் சலுகை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் இலவசம். வெளியூர்ப் பேருந்தில் 75 சதவிகிதம் சலுகை. நல்ல திட்டங்கள்தான். ஆனால் உயரமான படிக்கட்டு உள்ள பஸ்ஸில் சக்கர நாற்காலிக்காரருக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்? 2024 ஆகஸ்ட் முதல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓட ஆரம்பித்திருக்கின்றன. மலைச் சாலையும் வேகத்தடையும் நிறைந்த பென்னாகரம் பக்கமெல்லாம் அது வர எத்தனை வருஷம் ஆகுமோ!

அதனால்தான் சின்ன ஊர்களில் டாக்ஸி முக்கியமாகிறது. அது வாசலுக்கே வரும். நேரத்துக்கு வரும். ஏற முடிந்தால்.

லண்டனில் கவுன்சில்... இங்கே?

மற்ற ஊர்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? லண்டனின் கறுப்பு டாக்ஸியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2000-ம் ஆண்டு ஜனவரி 1 முதல் அங்கே உரிமம் பெற்ற ஒவ்வொரு கறுப்பு டாக்ஸியிலும் சக்கர நாற்காலியோடு ஏற வசதி இருந்தே ஆக வேண்டும். கதவோரம் ஒரு சாய்தளம் விரியும். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே தேவையில்லை. அப்படியே உள்ளே போகலாம்.

பிரிட்டனின் மற்ற ஊர்களில் டாக்ஸிக்கு உரிமம் தருவது அந்தந்த ஊர் கவுன்சில். எந்தெந்த வண்டியில் சக்கர நாற்காலி ஏறும் என்ற பட்டியலை அந்த கவுன்சில் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பட்டியலில் இருக்கும் வண்டியின் ஓட்டுநர், சக்கர நாற்காலிப் பயணியை ஏற்ற மறுத்தாலோ கூடுதல் காசு கேட்டாலோ 1,000 பவுண்டு வரை அபராதம். அங்கே ஒரு வார்டு உறுப்பினர் எழுந்து நின்று, "நம் ஊரில் இப்படி எத்தனை வண்டி?" என்று கேட்டால் கவுன்சில் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் ஊரில் அமைப்பே வேறு. வாகனப் பதிவு, பெர்மிட், தகுதிச் சான்று எல்லாம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வேலை. கட்டணம் மாநில அரசின் வேலை. நகராட்சிக்கு ஒரு டாக்ஸிக்குக்கூட உரிமம் தரும் அதிகாரம் கிடையாது. அதனால் நகராட்சிக் கூட்டத்தில் இதைக் கிளப்பினால், "இது நம்ம சப்ஜெக்ட் இல்லீங்க" என்று எளிதாகத் தள்ளிவிடலாம்.

ஆனால் ஒரு பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை உள்ள சிமென்ட் சாலை, சாக்கடை மேல் போட்ட சிலாப், தெருவிளக்கு, வண்டி நிற்கும் ஸ்டாண்ட், பஸ் ஸ்டாண்டின் நடைமேடை, அங்கிருக்கும் கழிப்பறை, போய் இறங்கும் சந்தை. இவை எல்லாம் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பில் வருபவை. நடுவில் இருக்கும் வண்டி மட்டும்தான் ஆர்.டி.ஓ. பக்கம். அந்த ஒரு துண்டைக் காட்டி முழுப் பயணத்தையும் கைகழுவ முடியுமா?

வண்டி விஷயத்தில் தூரத்து உதாரணம் வேண்டாம். பெங்களூரு இங்கிருந்து 150 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே 2013-ல் கிக்ஸ்டார்ட் கேப்ஸ் என்ற நிறுவனம், மாற்றியமைத்த கார்களோடும் பயிற்சி பெற்ற ஓட்டுநர்களோடும் டாக்ஸி சேவை தொடங்கியது. 2017-ல் ஊபர் நிறுவனம் அவர்களோடு சேர்ந்து இந்தச் சேவையைத் தன் செயலியிலும் கொண்டுவந்தது. வண்டியில் செய்யும் மாற்றம் ராக்கெட் விஞ்ஞானமில்லை. வெளிப்பக்கம் திரும்பும் சுழல் இருக்கை ஒரு வகை. பின்கதவைத் திறந்து சாய்தளம் இறக்கி, நாற்காலியை நாலு பக்கமும் பட்டையால் தரையோடு கட்டி, பயணிக்குத் தனியாக சீட் பெல்ட் போடுவது இன்னொரு வகை.

மன்றத்தில் ஒரு நாற்காலி

இந்த இடத்தில்தான் 2025 முக்கியமாகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 16 அன்று, நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தையும் ஊராட்சிகள் சட்டத்தையும் திருத்தும் மசோதாக்களை முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க வேண்டும். நூறு வார்டுகளுக்கு மேல் உள்ள மாநகராட்சி என்றால் இரண்டு பேர். நகர்ப்புறத்தில் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் என்று கணக்கும் சொன்னார்கள். அதற்கு முன்பு நகர்ப்புற அமைப்புகளில் தேர்தலில் ஜெயித்து வந்த மாற்றுத்திறனாளிகள் வெறும் 35 பேர் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் நெடுநாள் வைத்த கோரிக்கை இது.

தர்மபுரி நகராட்சியில் 33 வார்டுகள். இந்தச் சட்டத்தின்படி அங்கே 34-வதாக ஒரு குரல் சேர வேண்டும். அரூர் நகராட்சிக்கும், பாப்பாரப்பட்டி, பென்னாகரம், காரிமங்கலம் போன்ற பேரூராட்சிகளுக்கும் தலா ஒருவர். ரயில் மறுக்கப்பட்ட சிவா வந்து தங்கிய ஊரில், ஒரு மாற்றுத்திறனாளி மன்ற உறுப்பினர்!

இதில் இரண்டு முடிச்சுகள் உண்டு. முதலாவது, நியமன உறுப்பினர் நகராட்சிக் கூட்டத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது. அரசியலமைப்பின் 243ஆர் பிரிவு நியமன உறுப்பினர்களுக்கு வகுத்திருக்கும் எல்லை அது. வாக்கு இல்லாதவர் பேச்சை யார் கேட்பார்கள் என்ற சந்தேகம் நியாயமானதுதான். வார்டு ஒதுக்கீட்டிலும் டெண்டரிலும் ஒரு வாக்கு எவ்வளவு முக்கியம் என்று கவுன்சில் அரசியல் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் கேள்வி கேட்பதற்கு வாக்கு தேவையில்லை. கேட்ட கேள்வி கூட்டப் பதிவேட்டில் ஏறினால், அடுத்த கூட்டத்தில் அதே கேள்வியை மறுபடி எழுப்பலாம். தர்மபுரியில் இதற்கு ஒரு நல்ல சந்தர்ப்பம் கண்முன்னே இருக்கிறது. நகருக்கு வெளியே சோகத்தூர் பக்கம் புதிய பேருந்து நிலையம் என்ற பேச்சு பல ஆண்டுகளாகவே இங்கே உண்டு. எந்த ஊரிலும் பஸ் ஸ்டாண்ட் நகரை விட்டு வெளியே போனால், டாக்ஸியும் ஆட்டோவும் வசதியல்ல, கட்டாயம் ஆகிவிடும். அங்கே சாய்தளம் எத்தனை அடி நீளம், மாற்றுத்திறனாளிகளை ஏற்றி இறக்க ஸ்டாண்டில் தனி இடம் உண்டா, கழிப்பறைக் கதவில் நாற்காலி நுழையுமா என்பதையெல்லாம் வரைபடத்திலேயே கேட்க வேண்டும். ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. பைக் ஏற்றுவதற்காக வீட்டு முன்னால் போடுகிறோமே, அந்தச் செங்குத்துச் சரிவு நாற்காலிக்கு ஆகாது. கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால், "எஸ்டிமேட்ல இல்லை" என்ற பதில்தான் வரும்.

இரண்டாவது முடிச்சு கிராமங்களில். தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் பொறுப்புக்குப் போயின. அதாவது, ஊராட்சியில் மாற்றுத்திறனாளிக்கு இடம் என்று சட்டம் வந்தபோது, இந்த மாவட்டத்தின் 251 ஊராட்சிகளிலும் அந்த இடத்தைப் போட மன்றமே இல்லை!

கழுதை ஏறும் மலை

கிராம ஊராட்சிக்கு மன்றம் ஏன் முக்கியம் என்று கோட்டூர் மலையைக் கேட்டால் தெரியும். பென்னாகரம் தொகுதியில், காட்டுக்குள் இருக்கும் மலைக் கிராமம். 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போதும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் மேலே போயின. தேர்தல் வந்தால் அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். எங்களுக்கும் அது நல்ல க்ளிக் தரும் செய்திதான். இயந்திரம் இறங்கியதும் கதையை மறந்துவிடுவோம். வண்டி ஏறாத மலையில் கால் முடியாதவர் ஒருவர் இருந்தால், அவரைத் துணியில் தொட்டில் கட்டியோ முதுகில் சுமந்தோதான் இறக்க வேண்டும். அங்கே டாக்ஸி பற்றிய பேச்சு, சாலையிலிருந்து தொடங்க வேண்டும்.

மலையை விட்டு இறங்கினால், கிராமங்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. 2025-ல் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம். 25 கிலோமீட்டர் வரையிலான வழித்தடங்களில், பஸ் போகாத ஊர்களை இணைப்பதற்காக வந்தது. வழித்தடம் எப்படி வளைந்து போகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் ஊர் மக்கள் மனு கொடுக்கலாம். சிறப்புப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், மாற்றுத்திறனாளிகள் அதிகம் இருக்கும் தெரு வழியாக அது போகுமா என்று கேட்பது, தனி டாக்ஸிக்குக் காத்திருப்பதைவிடச் சீக்கிரம் பலன் தரக்கூடும்.

கடைசியாக ஒகேனக்கல்

பென்னாகரம் தாண்டி, காட்டுச் சாலையில் இறங்கும்போதே காற்று மாறுகிறது. குரங்குகள், வறுத்த மீன் வாசனை, தூரத்தில் அருவிச் சத்தம். தமிழ்நாடு முழுவதிலுமிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆட்கள் வரும் இந்த இடம், கூத்தப்பாடி என்ற ஒரு கிராம ஊராட்சிக்குள்தான் வருகிறது.

பரிசல் துறையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வயதானவர்கள் யாராவது தயங்கி நின்றால், பரிசல்காரர் தண்ணீரில் இறங்கி, விளிம்பைத் தொடையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். "பயப்படாதீங்கம்மா, என் தோளைப் பிடிங்க" என்கிறார். ஆடும் பரிசல் அந்த நிமிஷம் அசையாமல் நிற்கிறது. அவர் ஏற்றி இறக்கும் நுணுக்கத்தைத் தொழிலோடு சேர்த்தே கற்றிருக்கிறார்.

தரையில் ஓடும் வண்டிக்கும் அந்தப் பயிற்சி வேண்டும். நம் வீட்டுக்காரர்களுக்கும் பயன்படும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில், "எப்படி உதவட்டும்?" என்று பயணியிடமே கேளுங்கள், உடன் வந்தவரிடம் அல்ல. அக்குளில் கை கொடுத்துத் தடாலென்று தூக்காதீர்கள். நாற்காலியிலிருந்து ஆளை ஏற்றி இறக்கும் முன் பிரேக் போட்டிருக்கிறதா, கால் வைக்கும் பலகை மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கண் தெரியாதவரை இழுத்துப் போகாமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளும்படி கொடுங்கள். கதவு எந்தப் பக்கம், கூரை எவ்வளவு உயரம் என்று வாயால் சொல்லுங்கள். காது கேளாதவரிடம் செல்போனில் எழுதிக் காட்டுங்கள். இறக்கும்போது, சொன்ன வாசலிலேயே இறக்குங்கள். 'எதிர்ப்பக்கம்தானே' என்பது நமக்குப் பத்து அடி. அவர்களுக்கு அது ஒரு நெடுஞ்சாலை.

என்ன கேட்கலாம்?

பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்காமல், ஒரு சின்ன ஊர் என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். நகராட்சி நினைத்தால் ஸ்டாண்டில் ஒரு வண்டிக்கான இடத்தை மாற்றியமைத்த காருக்கு ஒதுக்கலாம். அந்த காருக்கு வரிசை முறை கிடையாது, அழைப்பு வந்தால் போகலாம் என்று ஓட்டுநர் சங்கத்தோடு பேசலாம். அப்படிப்பட்ட ஒரு வண்டியை மகளிர் குழுவோ மாற்றுத்திறனாளிகள் குழுவோ ஓட்ட வழி செய்யலாம். வளர்ச்சித் திட்டங்களிலும் வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் 5 சதவிகிதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 37-வது பிரிவே சொல்கிறது. எந்த ஓட்டுநரின் வண்டியில் நாற்காலி ஏறும் என்று பெயரும் நம்பரும் எழுதி, பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரியிலும் ஒரு பலகை வைக்கலாம். பிரிட்டன் கவுன்சில் செய்யும் அதே பட்டியல்தான். ஒரு பெயின்டர் போதும்.

இதையெல்லாம் எங்கே கேட்பது? நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டு உறுப்பினரும் நியமன உறுப்பினரும் இருக்கிறார்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு, மன்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள்கள். ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் யாரும் போகலாம், பேசலாம், தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்கள் தெருவில் வீட்டோடு இருக்கும் ஒருவரையும் அழைத்துப் போங்கள். அவரை எந்த வண்டியில், எத்தனை பேர் சேர்ந்து, எவ்வளவு நேரத்தில் கூட்டத்துக்குக் கொண்டு வந்தீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். கூட்டம் நடக்கும் மேடையில் அவரால் ஏற முடியாவிட்டால், கூட்டத்தைக் கீழே இறங்கி வரச் சொல்லுங்கள்.